பாகூரில் நான் கொடுத்த மூன்று சிப்பாய்கள்

என் கணவரை நாற்காலியோடு தூக்கி வெளியே கொண்டுபோய் வைத்தார்கள்.

தூக்கியவர்கள் பாகூர்க்காரர்கள் இரண்டு பேர். கரும்புக் கட்டு தூக்கிப் பழகிய தோள்கள். ஆனாலும் மாவுக்கட்டுப் போட்ட கால் நாற்காலிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்ததால் வாசலில் நேராக நுழைக்க முடியவில்லை. பக்கவாட்டில் திருப்பினார்கள். அப்போது அவர் முகம் என் பக்கம் வந்தது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார்.

அவர் செய்த குற்றம் ஒரே ஒரு சொல்: "ஐயோ!"

சதுரங்கப் போட்டியில் வேடிக்கை பார்ப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. நடுவராக இருந்த தலைமை ஆசிரியர் அதை ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். நான் முதல் சிப்பாயைக் கொடுத்தபோது இவர் இருமினார். தலைமை ஆசிரியர் விரலை உயர்த்தி எச்சரித்தார். இரண்டாவது சிப்பாயைக் கொடுத்தபோது இவருக்கு இருமல் போதவில்லை.

பள்ளிக்கூடத்துக் கூடம் அது. சுண்ணாம்புக்கட்டி வாசனை. பக்கத்தில் எங்கோ வெல்லம் காய்ச்சினார்கள். ஜன்னல் வழியாக இனிப்பான புகை வந்துகொண்டிருந்தது. எனக்கு எதிரே கலியமூர்த்தி, நாலு காணி கரும்பும் மீதி நெல்லும் வைத்திருந்த பாகூர் விவசாயி, என் இரண்டு சிப்பாய்களையும் தன் பக்கத்தில் ஜோடியாக நிறுத்திவைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகி வில்லியனூருக்கு வந்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் நாத்தனார், "அண்ணன் கால் ஒடிஞ்ச கதைய எப்ப எழுதப்போற?" என்று கேட்டாள். அதை எழுதினால் பாகூரையும் எழுதியாக வேண்டும். இரண்டும் ஒரே கதைதான்.

வாய்க்காலுக்குள்

என் கணவர் பெயர் சூசைநாதன். டவுனில் ஒரு நூல் மில்லில் வேலை. தினமும் வில்லியனூரிலிருந்து சைக்கிளில் போய் வருவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக வாசகசாலை. அங்கே சாப்பாட்டு நேரம் வரைக்கும் சதுரங்கம்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி. நல்ல வெயில் காய்ந்த மத்தியானம் அவர் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தார். எதிரே வண்டி இல்லை, மாடு இல்லை. ரோட்டில் ஒரு குழிகூட இல்லை.

"எப்படிங்க விழுந்தீங்க?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போன ஞாயித்துக்கெழம தோத்த ஆட்டத்த நெனச்சிக்கினு வந்தேன். குதிரைய இங்க வச்சிருந்தா ஜெயிச்சிருப்பேனேன்னு தோணிச்சி. கை தன்னால குதிரைய எடுத்து வச்சிடுச்சி."

ஹேண்டில்பாரை விட்டுவிட்டு ஆகாயத்தில் குதிரையை எடுத்து வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். கால் ஒடிந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

வலது கால், முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. இரண்டு மாதம் மாவுக்கட்டு.

பைத்தியம் நடக்கும் வழி

வேலைக்குப் போய்ப் பழகிய ஆம்பிளையை வீட்டில் படுக்கவைத்தால் என்ன ஆகும் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "பிலோ!" என்று குரல் வரும். என் பெயர் பிலோமினா. தண்ணீர் வேண்டும் என்பார். தண்ணீர் கொண்டுபோனால் ஜன்னலைத் திறக்கச் சொல்வார். திறந்தால் மூடச் சொல்வார். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருப்பேன், "பிலோ, ரோட்டுல போறது யாரு?"

நாலாம் நாள் நானே போய்ப் பலகையை எடுத்து வந்து கட்டிலில் வைத்தேன். "சொல்லிக் குடுங்க. ஆடறேன். ஆனா ஆடற நேரத்துல என்னைக் கூப்பிடக் கூடாது."

அந்தக் காய்கள் அவருடைய மாமா ஒருவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனுக்குப் போய் வந்தவர், கொண்டுவந்து கொடுத்தவை. கறுப்பில் ஒரு சிப்பாய் மட்டும் தொலைந்துபோய், அதன் இடத்தில் மருந்து பாட்டில் தக்கை நின்றது. காய்களின் பெயர்களும் அந்த மாமா வழியாக வந்தவைதான். ராஜா, ராணி, யானை, குதிரை, சிப்பாய், இதெல்லாம் எல்லா ஊரிலும் உள்ளது. குறுக்குக் கோட்டில் போகிற காயை மட்டும் எங்கள் பக்கத்தில் 'பைத்தியம்' என்பார்கள். பிரெஞ்சில் அந்தக் காய்க்கு அதுதான் பெயராம். மற்ற ஊரில் பிஷப் என்று மரியாதையாகச் சொல்வார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் பங்குச்சாமியார் வீட்டுக்கு வந்திருந்தபோது, "பைத்தியத்த நகத்து" என்று இவர் சத்தம் போட்டதும், சாமியார் புரிந்துகொண்டு சிரித்ததும் தனிக் கதை.

என் கணவர் ஆட்டத்துக்கு ஒரே ஒரு கட்டளை உண்டு. சிப்பாய்களைப் 'பசங்க' என்றுதான் சொல்வார். "ஒரு பையனக்கூடச் சும்மா உடக் கூடாது, பிலோ. பசங்க பத்திரமா இருந்தா ராஜா பத்திரமா இருப்பான்."

நானும் அப்படியே ஆடினேன். எங்கள் அப்பா வீட்டில் எதையும் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை. ஓட்டைப் பானையில்கூட ஏதாவது விதை போட்டு வைப்பார்கள். அதனால் அந்த முறை எனக்கு இயல்பாகவே வந்தது. பசங்களைக் கட்டிக் காத்தேன். பதினோரு ஆட்டம் தோற்றேன்.

கஞ்சி பொங்கிய ஆட்டம்

பன்னிரண்டாவது ஆட்டத்தில் அடுப்பில் கஞ்சி இருந்தது.

பாதி ஆட்டத்தில் 'புஸ்'ஸென்று பொங்கும் சத்தம். எழுந்தேன். இவர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "ஆட்டத்த முடிச்சிட்டுப் போ. நடுவுல எழுந்தா செல்லாது."

சரி, சீக்கிரம் தோற்றுவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அவருடைய ராஜா இருந்த பக்கத்தில் என் சிப்பாய் ஒன்றை விறுவிறுவென்று நகர்த்தி, அவர் வாய்க்கு நேராக வைத்தேன். ராஜாவுக்கு முன்னால் காவல் நின்ற அவருடைய சிப்பாய் அதை வெட்டியது. பக்கத்துச் சிப்பாயையும் கொடுத்தேன். அதே சிப்பாய் அதையும் வெட்டியது. "இன்னாடி, பசங்கள வாரி உடற?" என்று அவருக்கு ஒரே குஷி.

நான் அடுப்பங்கரையைப் பார்த்தேன். திரும்பிப் பலகையைப் பார்த்தேன்.

அவருடைய ராஜா வாசலில் கதவு இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். காவல்காரன் தின்றுகொண்டே எங்கேயோ போய்விட்டான்.

யானையை அந்தத் திறந்த வழியில் கொண்டுபோய் வைத்தேன். "செக்." ராஜா ஒதுங்கினான். ராணியைக் கொண்டுபோனேன். அவ்வளவுதான்.

அவர் பலகையைச் சுற்றித் திருப்பி, என் பக்கத்திலிருந்து பார்த்தார். கஞ்சி அடிப்பிடித்த வாசனை வீடு முழுவதும். இரண்டு பேரும் அசையவில்லை.

"இது தற்செயல்" என்றார்.

சாயங்காலத்துக்குள் அந்தத் தற்செயல் இன்னும் மூன்று தடவை நடந்தது.

கையில் இருப்பதை விட்டுவிடுவதில் அத்தனை சந்தோஷம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒவ்வொரு சிப்பாயைக் கொடுக்கும்போதும் ஜன்னல் ஒன்று திறந்த மாதிரி காற்று வந்தது.

நாலாம் மேசை

தை மாதத்தில் வில்லியனூர் வாசகசாலைக்கும் பாகூர்க்காரர்களுக்கும் வருஷா வருஷம் போட்டி. நாலு மேசை, நாலு ஆட்டம். ஜெயிக்கிற ஊருக்குப் பித்தளை பதித்த மரக் கேடயம். மொத்தத்தில் சமனாக முடிந்தால், கேடயம் போன வருஷம் யாரிடம் இருந்ததோ அவர்களிடமே இருக்கும். தொடர்ந்து மூன்று வருஷம் வைத்திருந்தால் அது அந்த ஊருக்கே சொந்தம். பாகூரிடம் இரண்டு வருஷமாக இருந்தது.

என் கணவருக்கு ஆறு வருஷமாக நாலாம் மேசை. கடைசி இரண்டு வருஷமும் கலியமூர்த்தியிடம் தோற்றிருந்தார். இந்த முறை காலைத் தூக்கிக்கொண்டாவது போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசகசாலைச் செயலாளர் அந்துவான் அண்ணன், ஆரம்பப் பள்ளி வாத்தியார், போட்டி பற்றிப் பேச ஒருநாள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். "முடிங்க, முடிங்க" என்று உட்கார்ந்தவர், அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் பார்த்தார். இரண்டிலும் நான் ஜெயித்தேன். காப்பி ஆறிவிட்டது.

"சூசை," என்றார் மெதுவாக, "நீ பாகூருக்கு வா. ஆனா ஆட வேணாம். தங்கச்சி ஆடட்டும்."

வாசகசாலைக்குள் அதுவரை ஒரு பெண்ணும் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை, போனதில்லை, அவ்வளவுதான். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணன் போய்விட்டார்.

இரண்டு நாள் பலகையைத் தொடவில்லை. "பிலோ" என்ற குரலும் இல்லை. அந்த இரண்டு நாள் வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. நானே போய்ச் சொன்னேன்: "எனக்கு அதெல்லாம் வேணாங்க. உங்க எடம் அது. நீங்களே ஆடுங்க."

அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்:

"நான் ஆடினா தோப்பேன், பிலோ. எனக்கே தெரியுது. நீ போ." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "ஆனா ஒரு பையனக்கூடச் சும்மா உடாத. வூட்டுல ஆடற மாதிரி அங்க ஆடாத. அந்த ஆளு என்ன மாதிரி இல்ல. நீ சமன் பண்ணிட்டு வந்தா போதும். மத்த மூணு பேரும் பாத்துப்பாங்க."

சரி என்று தலையாட்டினேன். அந்த நிமிஷத்தில் மனசாரத்தான் ஆட்டினேன்.

கரும்பு வண்டியில்

மற்ற மூன்று பேரும் அந்துவான் அண்ணனும் பஸ்ஸில் போனார்கள். நீட்டிய காலோடு இவர் பஸ்ஸில் ஏற முடியாது. ஆலையில் கரும்பு இறக்கிவிட்டுப் பாகூருக்குக் காலியாகத் திரும்பும் டிராக்டர் ஒன்றைப் பிடித்தோம். டிரெய்லரில் நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டி, அதில் இவரைக் கட்டி, நான் பக்கத்தில் கரும்புச் சோகைமேல் உட்கார்ந்துகொண்டேன். வழியெல்லாம் மக்கள் கும்பிட்டார்கள். ஏதோ புனிதர் சுரூபத்தை ஊர்வலமாகக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். இவரும் இரண்டு இடத்தில் கையை உயர்த்தி ஆசீர்வாதம் பண்ணினார்.

பாகூர் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட வாசலில் கலியமூர்த்தி நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. இவர் காலைப் பார்த்துப் பதறிப்போனார்.

"சூசை, இன்னாப்பா இது? இந்தக் காலோட எதுக்கு வந்த? சொல்லியிருந்தா நானே அங்க வந்திருப்பேனே."

"நான் ஆடல, கலியமூர்த்தி. இவங்க ஆடறாங்க."

கலியமூர்த்தி என்னைப் பார்த்தார். கேலியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே போய், முதுகு சாய்கிற நாற்காலியாக ஒன்றைத் தேடித் தூக்கி வந்து என் மேசையில் போட்டார். "நல்லா குந்துங்க, தங்கச்சி. நான் மெதுவாத்தான் ஆடுவேன். நேரமாவும்."

அப்படியே மெதுவாகத்தான் ஆடினார். நானும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு பையனைக்கூட விடவில்லை. பலகை இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு, சந்தை நாள் தெரு மாதிரி ஆகிவிட்டது.

மற்ற மேசைகள் முடிந்தன. தலைமை ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். ஒன்றில் எங்களுக்கு ஜெயம், ஒன்றில் அவர்களுக்கு, மூன்றாவது சமன். இரண்டு ஊரும் ஒன்றரை ஒன்றரை.

இனி நான் சமன் செய்தால் கேடயம் பாகூருக்கு, அதுவும் நிரந்தரமாக.

கலியமூர்த்தியும் கரும்பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நல்ல மனசோடுதான் கேட்டார்: "தங்கச்சி, நல்லா ஆடினீங்க. சமன்னு வச்சிக்கலாமா?"

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். இவருக்கும் கணக்குத் தெரியும். கேடயம் போகும் என்று தெரிந்தும், சரி என்று தலையை ஆட்டினார். முதல் தடவை சபையில் உட்கார்ந்த பெண்டாட்டி தோற்றுவிட்டு எழுந்திருக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். அந்த முகத்தை இப்போதும் என்னால் வரைய முடியும்.

"இல்லீங்க, ஆடலாம்" என்றேன்.

மூன்றாவதும் போயிற்று

என் ராஜாவை முன்பே இடது பக்கம் பத்திரப்படுத்தியிருந்தேன். அவருடைய ராஜா வலது பக்கத்து மூலைக்கு அருகில் இருந்தான். ஓரத்துச் சிப்பாயை நகர்த்தினேன். காவல்காரச் சிப்பாய் வெட்டியது. இருமல். எச்சரிக்கை.

பக்கத்துச் சிப்பாயைக் கொடுத்தேன். அதே காவல்காரன் அதையும் வெட்டினான். "ஐயோ!" அதற்கப்புறம் நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

இவர் வெளியே போனதும் கூடம் நிசப்தமாகிவிட்டது. இவர் இருமியபோது எரிச்சலாக இருந்தது; இப்போது அந்த இருமல் இல்லாமல் பயமாக இருந்தது. இரண்டு சிப்பாய் போய்விட்டது. எதிரே இருப்பவர் என் கணவர் இல்லை. வீட்டில் பலித்தது இங்கே பலிக்காவிட்டால், வாசகசாலையில் இவர் இனி எப்படித் தலைநிமிர்ந்து உட்காருவார்? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

பிறகு மூன்றாவதையும் எடுத்து வைத்தேன்.

கலியமூர்த்தி ரொம்ப நேரம் யோசித்தார். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார். வெட்டினார். அதே சிப்பாய்தான். மூன்றைத் தின்றுவிட்டு, தன் ராஜாவை விட்டு மூன்று கட்டம் தள்ளி, என் பக்கத்தில் வந்து நின்றது.

நான் அதைத் தொடவே இல்லை. திறந்த வழியில் யானையை வைத்தேன். "செக்."

ராஜா மூலைக்குள் போனான். ராணியை ஓரத்துக்குக் கொண்டுபோனேன். அவளுக்குப் பின்னால் என் இன்னொரு யானை. இப்போது ராஜாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அவருடைய ஒரு குதிரை மட்டும்தான். அவர் தன் யானையைக் கொண்டுவந்து ராஜாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

எங்கோ தூரத்தில், ஆட்டத்தின் ஆரம்பத்திலிருந்து சும்மா நின்றிருந்த என் பைத்தியத்தை எடுத்தேன். குறுக்கே ஒரே ஓட்டம். குதிரையை வெட்டியது. "செக்."

அவர் அந்தப் பைத்தியத்தை வெட்டினார். வேறு வழி இல்லை. நான் ராணியை ராஜாவின் மூஞ்சிக்கு எதிரே கொண்டுபோய் வைத்தேன்.

கலியமூர்த்தி ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டுப் பார்த்தார். இங்கே முடியாது. இங்கேயும் முடியாது. பிறகு இரண்டு கையையும் மேசைமேல் விரித்துவைத்து, வாய்விட்டுச் சிரித்தார்.

"ஆசைப்பட்டுத் தின்னுட்டேன், தங்கச்சி!"

கூடமே கைதட்டியது. கூடம் நிறையப் பாகூர்க்காரர்கள்தான். அவர்கள்தான் தட்டினார்கள்.

வெளியே

அங்கேதான் ஒரு தப்பு நடந்துவிட்டது.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த என் கணவர், பாகூர்க்காரர்கள் கைதட்டுவதைக் கேட்டார். பாகூர் ஜெயித்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார். நான் வெளியே ஓடிவந்தபோது, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், மனப்பாடம் செய்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்: "போனாப் போவுது, பிலோ. அழுவாத. கேடயம் மரக்கட்டதான? சமன் கேட்டப்பவே மாட்டேன்னு சொன்ன பாரு, அதுவே போதும். வூட்டுக்குப் போலாம்."

நிஜமாகவே அழுதுவிட்டேன். அதைப் பார்த்து அவர் இன்னும் அதிகமாகத் தேற்ற ஆரம்பித்தார்.

கலியமூர்த்திதான் பின்னாலேயே கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தார். "இத யாருப்பா வச்சிப்பாங்க? எடுத்துக்கினு போ. ரெண்டு வருசமா தொடைச்சித் தொடைச்சி எங்க வூட்டுல கைவலி."

இவர் கேடயத்தைப் பார்த்தார். கலியமூர்த்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாவுக்கட்டை மறந்து எழுந்து நிற்கப் பார்த்தார். அந்துவான் அண்ணன் பாய்ந்து வந்து பிடித்திராவிட்டால் இன்னொரு காலும் போயிருக்கும்.

அன்றைக்கு வெல்லம் காய்ச்சும் இடத்துக்கு எங்கள் எல்லாரையும் கூட்டிப்போனார்கள். சூடான பாகைத் தென்னையோலையில் தொட்டுத் தின்றோம். திரும்பும் வழியில் டிரெய்லரில் இவர் ஒவ்வொரு நகர்த்தலையும் கேட்டார். சொன்னேன். மறுபடி கேட்டார். வில்லியனூர் வருவதற்குள் நாலு தரம் சொல்லியிருப்பேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் சொல்ல ஆரம்பித்தார்.

பார்க்காத ஒரு முடிவை அவரைப்போல் யாரும் சொல்ல முடியாது. மில்லில் சொன்னார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொன்னார். வாசகசாலையில், எனக்கும் ஒரு நாற்காலி போட்ட பிறகு, என்னை வைத்துக்கொண்டே சொன்னார். முதல் வருஷம் மூன்று சிப்பாய்தான் இருந்தது. அப்புறம் நாலானது. எங்கள் முதல் பெண் பிறந்த வருஷம் ஐந்து.

அந்தப் பெண் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்குக் கலியமூர்த்தி குடும்பத்தோடு வந்திருந்தார். பந்தி நடந்துகொண்டிருந்தது. பரிமாறிக்கொண்டே இவர் ஆரம்பித்துவிட்டார். "ஒண்ணு ரெண்டு இல்லீங்க. ஆறு பசங்கள வரிசையாக் குடுத்துட்டா!"

எனக்குத் தாங்கவில்லை. சாம்பார் வாளியோடு நின்றபடி சொன்னேன்: "இன்னாங்க இது, மூணுதான்."

பந்தியில் இருந்தவர்கள் இவரைப் பார்த்தார்கள். இவர் முகம் சுருங்கிவிட்டது. எல்லாரும் கலியமூர்த்தி பக்கம் திரும்பினார்கள். அவர் இலையில் இருந்த சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

"தங்கச்சிக்கு ஞாபகம் இல்ல," என்றார். "ஆறுதான். தின்னவன் நானு, எனக்குத் தெரியாதா?"